குதிரைக்கு ஊரடங்கு கிடையாது: பெருந்தொற்றுக் காலத்தில் குதிரையேற்ற அமைப்புகள் என்ன செய்தன?

2020 மார்ச்சில் உலகமெங்கும் மைதானங்களை மூடியபோது, டென்னிஸ் ஆடுகிறவர் மட்டையைப் பரணில் போட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடலாம். குதிரை வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. மறுநாள் காலையிலும் குதிரைக்குப் பசிக்கும். லத்தி அள்ள வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், நின்ற இடத்திலேயே நிற்க விடாமல் நடக்க வைக்க வேண்டும். பயிற்சி வகுப்பு நின்றதும் வருமானம் நின்றுபோனது, தீவனச் செலவு அப்படியே இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் குதிரையேற்ற அமைப்புகள் எடுத்த முடிவுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சிக்கலிலிருந்து வந்தவைதான்.

சரி, இதில் விளையாட்டு அமைப்புக்கு என்ன வேலை? போட்டி நடத்துவது, பதக்கம் கொடுப்பது, அவ்வளவுதானே? வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். போட்டியே இல்லாத மாதங்களில்தான் அந்த அமைப்புகளுக்கு வேலை அதிகமாக இருந்தது.

அமைப்பு யார், உறுப்பினர் யார்

உச்சியில் இருப்பது எஃப்இஐ எனப்படும் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு. 1921-இல் தொடங்கியது, தலைமையகம் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கிறது. தடை தாண்டும் ஜம்பிங், குதிரையின் நடையழகையும் கட்டுப்பாட்டையும் மதிப்பிடும் டிரஸாஜ், இந்த இரண்டோடு திறந்தவெளி ஓட்டத்தையும் சேர்த்த ஈவென்டிங் ஆகியவை ஒலிம்பிக்கில் உள்ளவை. நெடுந்தொலைவு ஓட்டமான எண்டூரன்ஸ் போன்றவை தனி. எஃப்இஐ-க்கு உறுப்பினர்கள் என்றால் நாட்டுக் கூட்டமைப்புகள்தான். இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பும் அதில் ஒன்று. நாட்டுக் கூட்டமைப்பின் கீழே ஒவ்வொரு பிரிவுக்கும் சங்கங்கள், கிளப்புகள், பயிற்சிப் பள்ளிகள் வரும். தனி மனிதர்கள் சேர்வது இந்தக் கீழ் அடுக்கில்.

அப்படிச் சேர்கிறவர்களில் பெரும்பாலானோர் பெரிய போட்டிப் பக்கமே போகாதவர்கள். பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர், பயிற்றுநர், நடுவர், குதிரைப் பராமரிப்பாளர், வாரம் ஒருமுறை வகுப்புக்கு வரும் குழந்தையின் பெற்றோர், பொழுதுபோக்காக ஒரே ஒரு குதிரை வைத்திருப்பவர் என்று பலர். பெருந்தொற்று வந்தபோது இவர்கள் எல்லோருக்கும் தேவை ஒன்றாக இருக்கவில்லை. ஒலிம்பிக் வீரருக்குத் தகுதிப் போட்டி எப்போது என்ற கவலை. பள்ளிக்காரருக்கு அடுத்த மாதத் தீவனக் கவலை. தலைப்புச் செய்தியாவது முதல் கவலை. அமைப்புகளைத் தொலைபேசியில் துளைத்தெடுத்தது இரண்டாவது.

முதல் உதவி: தெளிவான ஒரு வார்த்தை

ஊரடங்கு அறிவித்த உடனே உறுப்பினர்களுக்குத் தேவைப்பட்டது பணம்கூட இல்லை, பதில். லாயத்துக்குப் போகலாமா? காவலர் நிறுத்தினால் என்ன சொல்வது? லாடம் அடிப்பவரை வரச் சொல்லலாமா? குதிரையிலிருந்து எனக்குக் கோவிட் தொற்றுமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் எளிது. கோவிட் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிய நோய், குதிரைகள் அதைப் பரப்பியதாக அறியப்படவில்லை. ஆனால் லாயத்தில் பல பேர் தொடும் பொருள்கள் ஏராளம். கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய், சக்கர வண்டி, கடிவாளம். அதனால் ஆளுக்கொரு நேரம் ஒதுக்குவது, கருவிகளைப் பகிராமல் இருப்பது, தோல் சேணத்தைச் சானிடைசரால் துடைக்காமல் சேண சோப்பால் கழுவுவது போன்ற குறிப்புகளை அமைப்புகள் எழுதி அனுப்பின. சானிடைசரில் உள்ள ஆல்கஹால் தோலை உலர்த்தி வெடிக்க வைத்துவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு நல்ல சேணம் என்ன விலை என்று தெரிந்தவருக்கு இது சின்ன விஷயமாகப் படாது.

பெரிய விஷயம் குதிரையின் உடல்நலம். சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை, தன் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை உலர் தீவனம் தினமும் தின்னும். அதாவது 7.5 முதல் 10 கிலோ வரை. போட்டிக்குத் தயாராகும் குதிரைக்கு இதில் தானியப் பங்கும் கணிசமாக இருக்கும். அதன் வேலையைத் திடீரென்று நிறுத்திவிட்டுத் தானியத்தை மட்டும் குறைக்காமல் போட்டால் வம்பு. ஓய்வுக்குப் பிறகு மறுபடி வேலை கொடுக்கும்போது தசைகள் இறுகி, சேதமாகி, குதிரை நகரவே முடியாமல் நின்றுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு எடுத்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்த வண்டிக் குதிரைகளிடம் இதைப் பார்த்த பழைய காலத்து ஆட்கள் ‘திங்கட்கிழமை நோய்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், ஐரோப்பாவில் ஊரடங்கு வந்த நேரம் வசந்த காலம். இளம் புல்லில் சர்க்கரைச் சத்து அதிகம். வேலையில்லாமல் நாள் முழுக்க மேயும் குதிரைக்கும், உருவில் சிறிய மட்டக் குதிரைக்கும் குளம்புக்குள் அழற்சி வரும். லேமினைடிஸ் எனப்படும் இது முற்றினால் குதிரையைக் காப்பாற்ற முடியாமலும் போகலாம்.

ஆகவே எந்த வேகத்தில் வேலையைக் குறைப்பது, தீவனத்தை எப்படி மாற்றுவது, லாடத்தைக் கழற்றிவிட்டு வெறுங்குளம்போடு விடலாமா, திரும்ப ஆரம்பிக்கும்போது எத்தனை வாரம் வெறும் நடையாகவே கூட்டிப்போவது என்பதெல்லாம் வழிகாட்டுதலாக வர வேண்டியிருந்தது. தனியாக ஒரே குதிரை வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு அறிவுரையும் உண்டு. உங்களுக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் குதிரையை யார் பார்ப்பது என்று இப்போதே ஒருவரிடம் பேசி வையுங்கள், என்ன தீவனம், எவ்வளவு, என்ன மருந்து, மருத்துவர் எண் என்ன என்பதை எழுதி லாயக் கதவில் மாட்டுங்கள் என்பது அது. பெருந்தொற்று இல்லாத நாளிலும் செய்து வைக்க வேண்டியதுதான். அதுவரை எத்தனை பேர் செய்திருந்தார்கள் என்பது வேறு கதை.

ஓட்டலாமா கூடாதா

இந்த ஒரு கேள்வியில் அமைப்புகள் நிறையத் திட்டு வாங்கின. தனியாகத் திறந்தவெளியில் குதிரை ஓட்டுகிறவர் யாருக்கும் நோய் பரப்பப் போவதில்லை. ஆனால் குதிரையிலிருந்து விழுந்தால் எலும்பு முறியும், தலையில் அடிபடும், ஆம்புலன்ஸ் வர வேண்டும். நோயாளிகளால் மருத்துவமனைகள் திணறும் நேரத்தில் இது தேவையா என்ற கேள்வி நியாயமானது. பிரிட்டனில் பல அமைப்புகள், கூடுமானவரை ஓட்டாமல் இருங்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டன. சைக்கிள் ஓட்டுகிறவரிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லையே என்று உறுப்பினர்கள் பொங்கினார்கள்.

இரண்டு பக்கமும் பொருள் இருக்கிறது. அன்றாடம் வேலை பார்த்துப் பழகிய இளம் குதிரையைச் சும்மா நிறுத்தி வைத்தால் துள்ளல் கூடி, பார்த்துக்கொள்கிறவருக்கே ஆபத்தாகும் என்பதும் உண்மை. தடை தாண்ட வேண்டாம், புதிய குதிரையைப் பழக்க வேண்டாம், சாலைப் பக்கம் போக வேண்டாம், கயிற்றில் வட்டமாக ஓடவிட்டோ நடக்க வைத்தோ உடற்பயிற்சி கொடுங்கள் என்று சொல்வதுதான் இதில் நடுவழி. என்னைக் கேட்டால், ஓர் அமைப்பு இங்கே செய்யக்கூடிய பெரிய தவறு மௌனமாக இருப்பதுதான். கடுமையாகச் சொன்னாலும் பரவாயில்லை, காரணத்தோடு சொல்லிவிட்டால் உறுப்பினர் முணுமுணுத்துக்கொண்டாவது கேட்பார்.

அரசிடம் போய்ப் பேசுவது

தனி ஒருவரால் முடியாத, அமைப்பால் மட்டுமே முடிகிற வேலை இது. ஊரடங்கு விதிகளை எழுதும் அதிகாரிக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அவர் பார்வையில் பயிற்சிப் பள்ளி என்பது உடற்பயிற்சிக் கூடம் மாதிரி இன்னொரு பொழுதுபோக்கு இடம், பூட்டிவிடலாம். உள்ளே உயிருள்ள முப்பது நாற்பது விலங்குகள் நிற்கின்றன என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

லாடம் அடிப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். குளம்பு நம் நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அதைச் சீவி லாடத்தைத் திரும்ப அடிக்காவிட்டால் லாடம் தளர்ந்து பிடுங்கும், குதிரை நொண்டும். பிரிட்டனில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர் மட்டுமே லாடம் அடிக்கலாம், உரிமையாளர் தன் குதிரைக்கேகூட அடிக்க முடியாது. அப்படியிருக்க அவரை வீட்டில் இருக்கச் சொன்னால் என்ன ஆகும்? இதைப் போலவே கால்நடை மருத்துவர், தீவன வண்டி, காய்ந்த புல் ஏற்றிவரும் லாரி, குதிரையைப் பார்க்கப் போகும் உரிமையாளரின் பயணம் எல்லாம் அத்தியாவசியப் பட்டியலில் வர வேண்டும். விலங்கு நலன் என்ற வாதம்தான் இங்கே கை கொடுத்தது. விளையாட்டுக்காகக் கேட்டிருந்தால் வரிசையில் கடைசியில் நின்றிருக்க வேண்டியதுதான்.

சம்பள உதவியில் ஒரு வினோதமான சிக்கல் வந்தது. பிரிட்டன் அரசு 2020 மார்ச்சில், வேலையில்லாமல் வீட்டில் இருத்தப்பட்ட ஊழியர்களின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு உச்சவரம்போடு, தானே கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நிபந்தனை என்னவென்றால், அந்த ஊழியர் தன் முதலாளிக்காக எந்த வேலையும் செய்யக் கூடாது. உணவகத்துக்கு இது பொருந்தும், கதவை மூடினால் உள்ளே வேலை இல்லை. குதிரைப் பள்ளியில் வருமானம் பூஜ்யம், ஆனால் காலை ஆறு மணிக்குத் தொடங்கும் வேலையில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினால் உதவி கிடைக்கும், குதிரையைப் பார்க்க ஆள் இருக்காது. வைத்துக்கொண்டால் சம்பளத்தைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீதிப் பேரும் உரிமையாளரின் குடும்பமுமாக இரட்டை வேலை பார்ப்பதுதான் வழி. பகுதி நேரம் வேலை, மீதி நேரத்துக்கு அரசு உதவி என்று அந்தத் திட்டம் நெகிழ்ந்தது ஜூலை 1-ஆம் தேதிதான். இந்த மாதிரி இடுக்குகளைக் கண்டுபிடித்து அரசிடம் எடுத்துச் சொல்வதும், இருக்கிற திட்டங்களில் எது நமக்குப் பொருந்தும், விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று உறுப்பினருக்கு விளக்குவதும் அமைப்பின் வேலை. பிரான்ஸ் அரசு வேறு வழியில் யோசித்தது. பயிற்சிப் பள்ளிகளில் இருக்கும் குதிரைகளின் தலையை எண்ணி, ஒரு குதிரைக்கு இவ்வளவு என்று உதவித்தொகை கொடுத்தது. செலவு எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கேயே போய்ச் சேரும் உதவி என்பதால் இது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

கடிகாரத்தை நிறுத்துவது

குதிரையேற்றத்தில் ஏகப்பட்ட கெடுக்கள் உண்டு. உறுப்பினர் சந்தாவுக்குக் கெடு, பயிற்றுநர் சான்றிதழ் புதுப்பிப்புக்குக் கெடு, முதலுதவிச் சான்றிதழுக்குக் கெடு, அடுத்த நிலைப் போட்டிக்கான தகுதிக்குக் கெடு, தடுப்பூசிக்குக் கெடு. எல்லாம் நின்றுபோன காலத்தில் இந்தக் கெடுக்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அநியாயம். அமைப்புக்குப் பெரிய செலவில்லாமல், உறுப்பினருக்குப் பெரிய நிம்மதி தரும் உதவி என்றால் இவற்றை நிறுத்தி வைப்பதுதான். பண உதவியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தரவரிசையைப் பாருங்கள். எஃப்இஐ-யின் ஜம்பிங் உலகத் தரவரிசை, ஒரு வீரர் கடந்த 12 மாதங்களில் எடுத்த முடிவுகளில் சிறந்த 30-ஐ வைத்துக் கணக்கிடப்படுவது. ஒவ்வொரு மாதமும் பழைய மாதத்தின் புள்ளிகள் கழன்று விழும், புதிய மாதத்தின் புள்ளிகள் சேரும். போட்டியே இல்லாதபோது கழன்று விழுவது மட்டும் நடக்கும். ஒருவர் கடைசியாக எந்த மாதத்தில் நன்றாக ஆடினார் என்பதை வைத்து அவர் இடம் சரியும், அதற்கும் அவர் திறமைக்கும் தொடர்பே இருக்காது. அதனால்தான் எஃப்இஐ 2020-இல் தரவரிசைகளை அப்படியே உறைய வைத்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் குழு போட்டு, ரத்தான போட்டிகளை எந்தத் தேதிக்கு மாற்றலாம் என்றும் பார்த்தது. லாஸ் வேகாஸில் நடக்க வேண்டிய அந்த ஆண்டின் உலகக் கோப்பை இறுதிப் போட்டிகள் மாற்றுத் தேதி இல்லாமலேயே ரத்தாகிவிட்டன.

டோக்கியோ ஒலிம்பிக் 2021-க்குத் தள்ளிப்போனதும் இன்னொரு சிக்கல். ஒலிம்பிக்கில் இடம் பிடிப்பது ஒரு படி. அதற்குப் பிறகு வீரரும் குதிரையும் ஜோடியாகக் குறைந்தபட்சத் தகுதி ஒன்றைக் காட்ட வேண்டும், ஆபத்தான விளையாட்டு என்பதால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே தகுதியின் அளவைக் குறைக்காமல் அதைக் காட்டுவதற்கான காலத்தை நீட்டித்தார்கள். இந்தியாவின் ஃபவாத் மிர்சா ஈவென்டிங்கில் இடம் பிடித்தது ஊரடங்குக்கு முன்பு. பெருந்தொற்றால் போட்டிகள் ஒவ்வொன்றாக ரத்தாகிக்கொண்டிருக்க, குறைந்தபட்சத் தகுதியை முடிக்க அவருக்கு 2021 மே மாதம் போலந்தில் ஒரு போட்டி கிடைத்தது. டோக்கியோவில் சென்யோர் மெடிகாட் என்ற குதிரையோடு 23-ஆவது இடத்தில் முடித்தார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் ஈவென்டிங்கில் இறங்கிய முதல் இந்தியர் அவர். கடிகாரத்தை யாரும் நிறுத்தாமல் விட்டிருந்தால் இது நடந்திருக்காது.

எல்லாக் கடிகாரத்தையும் நிறுத்திவிட முடியாது. மட்டக் குதிரைப் பிரிவில் பன்னாட்டுப் போட்டியில் கலந்துகொள்ள 16 வயதுதான் உச்சம். அந்த வயதில் ஓர் ஆண்டு போனால் போனதுதான். வயது வரம்பைத் தளர்த்தினால் கீழே இருக்கும் பிள்ளைகளின் வாய்ப்பு பறிபோகும். தடுப்பூசியும் அப்படித்தான். எஃப்இஐ போட்டிக்கு வரும் குதிரை, குதிரைகளுக்கு வரும் ஃப்ளூவான குதிரைக் காய்ச்சலுக்கான தடுப்பூசியை அதற்கு முந்தைய 6 மாதம் 21 நாளுக்குள் போட்டிருக்க வேண்டும். இடைவெளி மிக நீண்டுவிட்டால் முதல் ஊசியிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ஊரடங்கில் மருத்துவர்கள் அவசர சிகிச்சைக்கு மட்டும் போன வாரங்களில் பலருக்கு இது இடித்தது. தேதியைத் தளர்த்தினால் உறுப்பினருக்கு நிம்மதி, ஆனால் ஒரு பெருந்தொற்றின் நடுவே குதிரைகளுக்கிடையில் இன்னொரு தொற்றுக்குக் கதவைத் திறந்ததாகிவிடும். வைரஸுக்குச் சலுகைக் காலம் எல்லாம் தெரியாது.

பணம்

எல்லோரும் கேட்கும் கேள்வி இது: ஓர் ஆண்டு சந்தா கட்டியிருக்கிறேன், போட்டியே இல்லை, பணத்தைத் திருப்பித் தருவார்களா?

பெரும்பாலும் முழுதாகத் தர முடியாது. காரணம், சந்தாவில் ஒரு பகுதி காப்பீட்டுக்குப் போகிறது. உங்கள் குதிரை வேலியைத் தாண்டி ஓடி யாருடைய காரிலாவது மோதினால் இழப்பீடு கொடுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு பல அமைப்புகளின் உறுப்பினர் அட்டையோடு சேர்ந்தே வருகிறது. ஊரடங்கிலும் குதிரை ஓடும், வேலி உடையும். கோபத்தில் உறுப்பினர் பதவியை விட்டுவிட்டவர், தெரியாமலே காப்பீட்டையும் விட்டிருப்பார். அதனால் சந்தாக் காலத்தைச் சில மாதம் நீட்டித்துக் கொடுப்பது, அடுத்த ஆண்டில் கழித்துக்கொள்வது, தவணையாகக் கட்டவிடுவது போன்றவை அமைப்புக்கும் உறுப்பினருக்கும் கட்டுப்படியாகும். போட்டி நுழைவுக் கட்டணம் வேறு. நடக்காத போட்டிக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் போட்டி நடத்துகிறவர் அதற்குள் கூடாரத்துக்கும் தடைகளுக்கும் முன்பணம் கொடுத்திருப்பார், அதனால் நிர்வாகச் செலவைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது பல இடங்களில் வழக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமைப்பிடம் பணப்பெட்டி எதுவும் நிரம்பி வழிவதில்லை. அதன் வருமானம் சந்தா, போட்டிகளில் ஒவ்வொரு நுழைவுக்கும் வரும் சிறு பங்கு, விளம்பரதாரர் பணம். பெருந்தொற்றில் மூன்றும் ஒரே நேரத்தில் சரியும். உறுப்பினர் கை ஏந்தும் அதே வாரத்தில் அமைப்பும் தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே நேரடி உதவித்தொகை கொடுக்கும்போது யாருக்கு முதலில் என்பது முக்கியம். என் கணக்கில் பயிற்சிப் பள்ளிக்குத்தான். தனியார் குதிரை உரிமையாளருக்கு வேறு சம்பளம் இருக்கலாம். பள்ளிக் குதிரை தன் தீவனத்தைத் தானே சம்பாதிப்பது, வகுப்பு நின்றால் அதற்கு வேறு வழியில்லை. ஒரு பள்ளி மூடி அதன் குதிரைகள் விற்கப்பட்டுவிட்டால் தொற்று முடிந்த பிறகு திரும்பத் திறப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். பழக்கமில்லாத குழந்தையை முதுகில் ஏற்றிக்கொண்டு பொறுமையாக நடக்கும் குதிரை கடையில் கிடைக்காது, உருவாகப் பல ஆண்டு ஆகும். சொந்தக் குதிரை வாங்க முடியாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், முதல்முறை சேணத்தில் ஏறும் பிள்ளைகள் எல்லோரும் இந்தப் பள்ளிகள் வழியாகத்தான் விளையாட்டுக்குள் வருகிறார்கள்.

பல பள்ளிகள் பின்னால் வரப்போகும் வகுப்புகளுக்கு முன்கூட்டியே கூப்பன் விற்றும், ஒரு குதிரையின் மாதச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மாணவர் குடும்பங்களைக் கேட்டும் சமாளித்தன. கூப்பன் ஒருவகைக் கடன் என்பதை மறந்துவிடக் கூடாது. திறந்த பிறகு பல வாரம் வகுப்பு நடக்கும், புதுப் பணம் வராது. இந்த எச்சரிக்கையைச் சொல்லிக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதும் உதவிதான்.

வீட்டிலிருந்தே போட்டி

இது கொஞ்சம் மகிழ்ச்சியான பகுதி. டிரஸாஜ் போட்டியில் எல்லோரும் ஒரே வரிசையான அசைவுகளை, 20 மீட்டருக்கு 60 மீட்டர் (தொடக்க நிலைகளில் 40 மீட்டர்) களத்தில் செய்து காட்டுவார்கள். களத்தைச் சுற்றி எழுத்துப் பலகைகள் இருக்கும், நடுவர் ‘சி’ என்ற பலகைக்குப் பின்னால் உட்காருவார். அதே இடத்தில் கேமராவை வைத்து, வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் படம் பிடித்து அனுப்பினால் நடுவர் தன் வீட்டிலிருந்தே மதிப்பெண் போடலாம். பெருந்தொற்றுக்கு முன்பே இருந்த பழக்கம்தான், 2020-இல் பெருகிவிட்டது. பயிற்றுநர்கள் காணொளி அழைப்பில் வகுப்பு எடுத்தார்கள், நடுவர் பயிற்சிகள் இணையத்துக்கு மாறின. ஜம்பிங்கிலும் ஈவென்டிங்கிலும் இது அவ்வளவாக எடுபடாது. தடையைத் தாண்டுவதைத் தனியாக வீட்டில் செய்யாதே என்பதுதான் அங்கே அறிவுரை.

திரும்பத் திறப்பது

மூடுவது ஒரே உத்தரவில் முடிந்துவிட்டது. திறப்பதுதான் தலைவலி. 2020 ஜூலை 1 முதல், போட்டி நடத்துகிறவர்கள் தொற்று அபாயத்தை மதிப்பிட்டு, குறைக்கும் ஏற்பாடுகளையும் காட்டினால்தான் பன்னாட்டுப் போட்டி நடத்தலாம் என்று எஃப்இஐ ஒரு கொள்கையை அமல்படுத்தியது. பார்வையாளர் இல்லை, ஒவ்வொருவரும் வர வேண்டிய நேரம் முன்பே குறிக்கப்படும், ஒரு குதிரைக்கு இத்தனை பேர்தான், முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்ற மாதிரி ஏற்பாடுகள் பழகிப்போயின.

ஈவென்டிங்குக்கு இது கடினமாக இருந்தது. திறந்தவெளி ஓட்டத்தில் ஒவ்வொரு தடைக்கும் அருகில் நின்று கவனிக்க ஆள் வேண்டும். பெரும்பாலும் தன்னார்வலர்கள், அவர்களிலும் பலர் வயதானவர்கள், அதாவது கோவிட்டுக்கு அதிகம் அஞ்ச வேண்டியவர்கள். பார்வையாளர் கட்டணமும் இல்லாமல் பெரிய போட்டியை நடத்துவது கட்டுப்படியாகாது. பிரிட்டனில் பேட்மின்டன் என்ற ஊரில் நடக்கும் புகழ்பெற்ற ஈவென்டிங் போட்டி 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் ரத்தானது. அமெரிக்காவின் கென்டக்கி போட்டி 2020-இல் ரத்தாகி, 2021-இல் பார்வையாளர் இல்லாமல் நடந்தது. பேட்மின்டனுக்கு இது புதிதில்லை, 2001-இல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியபோதும் ரத்தானது. கோமாரி குதிரைக்கு வராத நோய்தான், ஆனால் குளம்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போகும்.

குதிரைகளின் சொந்தத் தொற்றுகள்

மற்ற விளையாட்டு அமைப்புகளுக்கு இல்லாத ஓர் அனுபவம் குதிரையேற்றத்துக்கு இருந்தது. போக்குவரத்தை நிறுத்துவது, தனிமைப்படுத்துவது, உடல் வெப்பம் பார்ப்பது எல்லாம் குதிரை விஷயத்தில் பழக்கமானவை. 2007 ஆகஸ்ட்டில் ஆஸ்திரேலியாவுக்குள் குதிரைக் காய்ச்சல் நுழைந்தபோது நாடு முழுவதும் குதிரைகளை இருந்த இடத்திலேயே நிறுத்தி வைக்க உத்தரவிட்டார்கள். போட்டிக்குப் போன இடத்திலேயே குதிரைகளோடு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அந்த நோய் அங்கிருந்து முழுதாக ஒழிக்கப்பட்டது.

பிறகு கோவிட்டின் நடுவிலேயே இன்னொன்று வந்தது. 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்துகொண்டிருந்த ஜம்பிங் போட்டித் தொடரில் குதிரைகளிடையே ஹெர்பிஸ் வைரஸ் பரவியது. இ‌எச்‌வி-1 எனப்படும் இது சில குதிரைகளில் நரம்பு மண்டலத்தைத் தாக்கி, நிற்கக்கூட முடியாமல் செய்துவிடும். 18 குதிரைகள் இறந்தன. மனிதர்களுக்கான கட்டுப்பாடுகளுக்கு நடுவே தட்டுத்தடுமாறி நடந்துகொண்டிருந்த பன்னாட்டுப் போட்டிகளை, எஃப்இஐ ஐரோப்பாவில் ஏப்ரல் 11 வரை நிறுத்தியது. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் நடக்கவிருந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டிகள் அதோடு ரத்தாகின. லாஸ் வேகாஸை மனித வைரஸும் கோத்தன்பர்க்கைக் குதிரை வைரஸும் காவு வாங்கின.

போட்டிகள் திரும்பியபோது விதிகள் மாறியிருந்தன. குதிரையின் உடல் வெப்பத்தைப் போட்டிக்கு வருவதற்கு முன்பிருந்தே அளந்து செயலியில் பதிய வேண்டும் என்றானது. நலமான குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், அதைத் தாண்டினால் தனி லாயம். போட்டி நடக்கும் இடத்தில் அப்படித் தனிமைப்படுத்தும் லாயம் தயாராக இருக்கிறதா என்பதையும் கறாராகப் பார்த்தார்கள்.

நீங்கள் புதிதாகக் குதிரையேற்றத்தில் சேர்ந்து, ஏதோ ஒரு கிளப்பிலோ சங்கத்திலோ சந்தா கட்டப் போகிறீர்கள் என்றால், கட்டுவதற்கு முன் அவர்களின் விதிமுறைத் தாளை வாங்கிப் பாருங்கள். சந்தாவோடு காப்பீடு வருகிறதா, அது எந்தத் தேதி வரை, போட்டி ரத்தானால் நுழைவுக் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும், தடுப்பூசி இடைவெளி எவ்வளவு என்ற நான்கும் அதில் இருக்கும். இல்லையென்றால் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.